வண்டி உங்கள் பேரில், சாவி நண்பர் கையில்

கேள்வி: எனக்கு 27 வயது. கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. போன வருஷம் டியூ போட்டு ஒரு 150 சிசி பைக் எடுத்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த நண்பன் பக்கத்துத் தெருவில் இருக்கிறான். அவனுடைய வண்டியை விற்றுவிட்டான். அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலமானால் ‘மச்சான், சாவி’ என்று வந்து நிற்கிறான். இன்னொருத்தரையும் ஏற்றிக்கொண்டு பாண்டிக்குப் போய்விட்டு, ராத்திரி பதினொன்று பன்னிரண்டுக்குக் கொண்டுவந்து விடுவான். பெட்ரோல் போட்டுவிடுவான், அதில் குறை சொல்ல மாட்டேன். போன மாதம் பின்னால் உட்கார்ந்தவர் ஹெல்மெட் போடவில்லை என்று என் செல்லுக்கு 1,000 ரூபாய் சலான் வந்தது. அம்மா ‘இனிமே குடுக்காதே’ என்கிறார். இல்லை என்று சொன்னால் பதினாறு வருஷப் பழக்கம் போய்விடுமோ என்று இருக்கிறது. சட்டப்படி எனக்கு ஏதாவது சிக்கல் வருமா? இன்சூரன்ஸ் ஐந்து வருஷத்துக்கு இருக்கிறது.

- கடலூர் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ‘இன்சூரன்ஸ் ஐந்து வருஷத்துக்கு இருக்கிறது.’ இருபது வருஷமாகக் கடலூர் கோர்ட்டில் நான் நடத்துவது பெரும்பாலும் விபத்து நஷ்ட ஈட்டு வழக்குகள்தான். எதிரில் வந்து உட்காரும் வண்டிச் சொந்தக்காரர்கள் முதலில் சொல்வதும் இந்த வரியைத்தான்.

பாலிசியை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். அநேகமாக இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். 2018 செப்டம்பரிலிருந்து புது டூ-வீலர் வாங்கினால் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை 5 வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. ஷோரூமில் சொல்லும் ‘அஞ்சு வருஷம்’ அதுதான். உங்கள் வண்டிக்கே அடிபட்டாலோ திருடு போனாலோ பணம் தரும் பகுதிக்கு ஓன் டேமேஜ் என்று பேர். அதைப் பெரும்பாலும் 1 வருஷத்துக்குத்தான் போட்டுக் கொடுப்பார்கள். போன வருஷம் எடுத்த வண்டி என்றால் அது இந்நேரம் முடிந்திருக்கலாம், அல்லது முடியப்போகிறது. முடிந்திருந்தால் பாண்டி ரோட்டில் கிருமாம்பாக்கம் வளைவில் உங்கள் நண்பர் வண்டியைச் சாய்த்தாலும் பாண்டியில் ஏதோ ஒரு சந்தில் நிறுத்திய இடத்திலிருந்து வண்டி காணாமல் போனாலும் ஒரு பைசா வராது. டியூ மட்டும் மாதாமாதம் வரும். ஓன் டேமேஜ் உயிரோடு இருக்கும்போது திருடு போனால் கம்பெனிக்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று நண்பர் பாக்கெட்டில் தொலைந்துபோயிருந்தால் அங்கேயே இழுபறி ஆரம்பம்.

சரி, அந்த ஐந்து வருஷத் தேர்ட் பார்ட்டி யாருக்கு? ரோட்டில் போகிறவருக்கு, எதிர் வண்டிக்காரருக்கு. வண்டியை ஓட்டிப்போன உங்கள் நண்பருக்கு இல்லை. இது பலருக்குத் தெரியாது, தெரிந்தபின் நம்ப முடியாமல் பார்ப்பார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நிங்கம்மா வழக்கு இதைப் பற்றியதுதான். ஒருவர் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் போகிறார். முன்னால் போன மாட்டு வண்டி சட்டென்று நிற்கிறது. மோதி இறந்துபோகிறார். குடும்பம் அந்த மோட்டார் சைக்கிளின் இன்சூரன்ஸில் நஷ்ட ஈடு கேட்கிறது. இரவல் வாங்கி ஓட்டியவர் அந்த நேரத்துக்குச் சொந்தக்காரரின் இடத்தில் நிற்கிறார், அதனால் அவர் மூன்றாம் நபர் ஆக மாட்டார் என்று நீதிமன்றம் சொன்னது. 2020-ல் இதே மாதிரி இன்னொரு வழக்கில், பாலிசியில் ஓனருக்கென்று இருந்த தனிநபர் விபத்துக் காப்பீட்டுத் தொகையான 1 லட்சத்தோடு முடித்துவிட்டார்கள். எதிரில் வந்த வண்டி மேல் தவறு இருந்தால் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் கேட்கலாம். தானே வழுக்கி விழுந்தால்? நாய் குறுக்கே வந்தால்? நண்பனுக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்துச் சாவியைக் கொடுக்கிறீர்கள். அவர் வீட்டுக்குப் பெரிதாக ஏதாவது நேர்ந்தால் உங்கள் பாலிசி அவர்களுக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. உங்கள் அம்மா உங்களை நினைத்துத்தான் வேண்டாம் என்கிறார். நான் அவருடைய அம்மாவையும் சேர்த்து நினைக்கிறேன்.

பின்னால் உட்காரும் அந்த ‘இன்னொருத்தர்’ கதை இன்னும் மோசம். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் டூ-வீலரில் பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு அதில் பாதுகாப்பு இல்லை என்று 2006-லேயே திலக் சிங் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. ஓன் டேமேஜும் சேர்ந்த முழு பாலிசி இருந்தால் அவருக்கும் உண்டு. ஓன் டேமேஜ் முடிந்துபோன நிலையில் அவருக்குக் கால் உடைந்து கேஸ் போட்டால், பாலிசியில் இடமில்லை என்று கம்பெனி கை விரித்துவிடும். மீதி எதிர்மனுதாரர்கள் ஓட்டியவரும் நீங்களும்தான். அவர் பேராவது உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் இல்லை.

அடுத்து நான் கேட்க நினைத்தது, நீங்கள் எழுதாமல் விட்டது: நண்பரின் லைசென்ஸை எப்போதாவது கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? பதினாறு வருஷப் பழக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கேட்கவே கூச்சமாக இருக்கும். ஆனால் இந்த விஷயத்தில் எல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கிறது. அட்டை இருந்தால் மட்டும் போதாது, அதில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். எம்.சி.டபிள்யூ.ஜி. என்று இருந்தால் கியர் வண்டி ஓட்டலாம். நடுவில் ஒரு ‘ஓ’ சேர்ந்து எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி. என்று இருந்தால் ஸ்கூட்டி மாதிரி கியர் இல்லாத வண்டி மட்டும்தான். கார் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு பைக் ஓட்டுகிறவர்களும் உண்டு, அதுவும் செல்லாது. இன்னொன்று. வண்டியை ஏன் விற்றார் என்று கேட்டீர்களா? பணமுடையாக இருக்கலாம். குடித்து ஓட்டி மாட்டி லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனதால் வண்டியை விற்றவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். வக்கீல் புத்தி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்ததற்காகவே மோட்டார் வாகனச் சட்டம் 180-ஆவது பிரிவின்படி சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்தே கிடைக்கலாம். அது கூடப் பெரிதில்லை. பெரிது என்ன என்பதற்கு ஒரு கட்சிக்காரரின் கதையைச் சொல்கிறேன்.

அரசு வேலையில் இருந்தவர். வீட்டில் விசேஷம். பூ வாங்கி வர ஆள் இல்லை என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் தன் பைக்கைக் கொடுத்து அனுப்பினார். பையனிடம் லைசென்ஸ் இருந்தது. ஸ்கூட்டிக்கு. நெல்லிக்குப்பம் ரோட்டில் சைக்கிளில் கரும்புச் சோகை கட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் மேல் மோதிவிட்டான். பெரியவருக்கு இடுப்பெலும்பு போய்விட்டது. பாதிக்கப்பட்டவரை அலையவிடக் கூடாது என்பதற்காக, இந்த மாதிரி வழக்குகளில் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வரும். ‘பே அண்ட் ரெகவர்’ என்போம். பெரியவருக்குப் பணம் கிடைத்துவிட்டது. ஒன்றரை வருஷம் கழித்து கம்பெனி கட்டிய பணத்தைக் கேட்டு என் கட்சிக்காரருக்கு நிறைவேற்று மனு நோட்டீஸ் வந்தது. நோட்டீஸை என் மேஜையில் வைத்து, “மேடம், அன்னிக்கு நான் வீட்டுல பந்தி பரிமாறிக்கிட்டு இருந்தேன். எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார். வழக்குக் கட்டிலிருந்து ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று) நகலை உருவி அவர் பேர் இருக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். வேறு பதில் என்னிடம் இல்லை. சம்பளத்தில் பிடித்தம் போனது. கடைசித் தவணை கட்டியபோது அந்த வண்டி அவரிடம் இல்லை.

இதிலிருந்து தப்பிக்க வழி இருக்கிறது, அதையும் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2004-ஆம் வருஷத்து ஸ்வரண் சிங் வழக்கு. ஓட்டியவரிடம் சரியான லைசென்ஸ் இல்லை என்று காட்டினால் மட்டும் கம்பெனி தப்பிவிட முடியாது. சொந்தக்காரர் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய கவனத்தை எடுக்கவில்லை என்பதையும் காட்ட வேண்டும். கூண்டில் ஏறி “லைசென்ஸைப் பார்த்தீர்களா?” என்ற கேள்விக்கு “பார்த்தேன்” என்று சொல்லி, வாட்ஸப்பில் அவர் அனுப்பிய படத்தைத் தேதியோடு காட்ட முடிந்தால் உங்கள் நிலைமையே வேறு. இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் ‘வக்கீலம்மா கேட்கச் சொன்னாங்க’ என்று என் மேல் பழியைப் போடுங்கள்.

விபத்து நடந்த அந்த ராத்திரியில் நடக்கும் ஒரு விஷயத்தையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். அப்போது யோசிக்க நேரம் இருக்காது. ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை, அல்லது வாயில் வாடை. ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய அம்மாவோ மாமாவோ உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ ஓட்டினதா சொல்லிடுப்பா, உன்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே, இன்சூரன்ஸ்ல முடிஞ்சிரும்” என்பார்கள். வெள்ளைச் சட்டை போட்ட யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று அதுதான் நல்லது என்பார். சம்மதிக்காதீர்கள். ஒருவர் இறந்துவிட்டால் கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆவது பிரிவில், ஓட்டியவர் மேல்தான் வரும். 5 வருஷம் வரை தண்டனை. வண்டிக்குச் சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் அந்த வழக்கு உங்கள் மேல் வராது. நான்தான் ஓட்டினேன் என்று நீங்களே போய் நின்றால் வரும். பொய் என்று வெளியானால் அதற்குத் தனி வழக்கு. நீங்கள் ஷிஃப்டில் இருந்ததைக் கம்பெனி கேட்டின் பஞ்ச் பதிவே காட்டிக்கொடுத்துவிடும். கேட்டால் யார் ஓட்டியது என்று உண்மையைச் சொல்ல வேண்டியது சொந்தக்காரரின் சட்டக் கடமையும்கூட.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். இதே கடிதம் மதுரையிலிருந்து வந்திருந்தால் என் பதில் இங்கேயே முடிந்திருக்கும். கடலூர்க்காரருக்கு, அதுவும் வண்டி பாண்டிக்குப் போகிறது என்றால், முடியாது.

அந்த நேரத்தில் பாண்டிக்குப் போய்விட்டுப் பன்னிரண்டு மணிக்குத் திரும்புகிறவர்கள் எல்லாருமே குடிக்கப் போகிறவர்கள் இல்லை. சினிமாவுக்குப் போவார்கள், பீச்சில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்கள். உங்கள் நண்பர் எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அது அவருக்கு. குடித்து ஓட்டியதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பைத் தட்டிக்கழிக்க 2019 திருத்தச் சட்டம் வழி வைத்துவிட்டது, 2022 ஏப்ரலிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அது உங்களுக்கு.

அப்புறம் ஆல்பேட்டை செக்போஸ்ட். எல்லைக்கு அந்தப் பக்கம் முள்ளோடை மதுக்கடையில் வாங்கியதைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை என்பது நம் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பாட்டிலோடு பிடித்தால் மதுவிலக்குச் சட்டத்தில் ஆளின் மேல் வழக்குப் போடுவதோடு வண்டியையும் பறிமுதல் செய்யலாம் என்பது சாவியைக் கொடுக்கும்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அந்த வண்டிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். காம்பவுண்டு சுவர் ஓரமாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, டேங்கில் வெள்ளை பெயின்ட்டில் குற்ற எண் எழுதி நிற்கும். கடல் காற்றுக்கு ஒரு மழைக்காலம் போதும், சைலன்சர் பொரிந்துவிடும். சீட் வெடித்து ஸ்பான்ஞ்சிலிருந்து புல் முளைத்திருக்கும். கோவைக் கொடி ஹேண்டில்பார் வரை ஏறியிருக்கும். ஹெட்லைட்டில் ‘அம்மா ஆசீர்வாதம்’ ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருக்கும். பிறகு ஒருநாள் ஏல அறிவிப்பு வரும். ஃபைனான்ஸ்காரர் அதற்கெல்லாம் காத்திருக்க மாட்டார், டியூ தேதி டியூ தேதிதான்.

பறிமுதலுக்கு முன்னால் சொந்தக்காரரின் விளக்கத்தைக் கேட்பார்கள். ‘எனக்குத் தெரியாமல் நடந்தது, நான் எடுக்க வேண்டிய எச்சரிக்கையை எடுத்தேன்’ என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஒரே ஒரு தடவை, அவசரத்துக்குக் கொடுத்தவர் அப்படிச் சொன்னால் கேட்பதற்கு நியாயமாக இருக்கும். மாதக்கணக்கில், சனிக்கிழமைதோறும், பாண்டிக்கு என்று தெரிந்தே கொடுத்தவர் சொன்னால்? நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தையே எதிர்த்தரப்பு வக்கீல் படித்துக் காட்டலாம். உங்கள் நண்பர் பாட்டிலைத் தொடாதவராகவே இருக்கட்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் மடியில் வைத்திருக்கும் பையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா?

அந்த ரோட்டுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கன்னியக்கோவில் புதுச்சேரி. சில கிலோமீட்டர் தள்ளி விழுந்தால் வேறு மாநிலத்துப் போலீஸ். வண்டியை மீட்க, ஷிஃப்டுக்கு லீவு போட்டுவிட்டு பாண்டி கோர்ட்டுக்கு நடக்க வேண்டியவர் ஆர்.சி.யில் பேர் இருப்பவர்தான்.

ஆக என் பதில்: சனிக்கிழமைக்கு வண்டி கொடுக்காதீர்கள். இந்த வாரத்திலிருந்தே.

அதற்காக எப்போதுமே கொடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் சாவியை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், முடிந்தால் நீங்களே ஓட்டிப்போங்கள். பகலில், ஊருக்குள், லைசென்ஸ் படம் உங்கள் போனில் இருக்கிறது, ஓன் டேமேஜ் உயிரோடு இருக்கிறது, இரண்டு ஹெல்மெட்டும் கொடுத்து அனுப்புகிறீர்கள் என்றால் நானும் கொடுப்பேன். கொடுத்தும் இருக்கிறேன். ஒரு தடவை சொந்தக்காரப் பையன் ‘அஞ்சு நிமிஷம் அத்தை’ என்று என் ஸ்கூட்டரை வாங்கிப்போய் தேவனாம்பட்டினம் பீச்சில் அலை தொடும் இடம் வரை மணலில் ஓட்டிவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பின் பிரேக் மூன்று மாதம் கிறீச்சிட்டது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே.

பழக்கம் போய்விடுமோ என்கிறீர்கள். எப்படிச் சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சனிக்கிழமை வாசலில் வந்து நிற்கும்போது சொன்னால், கூட வந்தவர் முன்னால் அவருக்கு அவமானமாகிவிடும். ‘சர்வீஸ் விட்டிருக்கேன்’, ‘அண்ணன் எடுத்துட்டுப் போயிட்டான்’ என்று வாராவாரம் பொய் சொன்னால் மூன்றாவது வாரம் கண்டுபிடித்துவிடுவார், அதுதான் பழக்கத்தைக் கெடுக்கும். புதன், வியாழனில் தனியாக ஒரு டீக்கடையில் சொல்லுங்கள். ‘மச்சான், சலான் வந்தப்புறம் ஒரு வக்கீலைக் கேட்டேன். நீ விழுந்தா உங்க வீட்டுக்கு என் இன்சூரன்ஸ்ல ஒண்ணும் வராதாம். பாண்டிக்கு மட்டும் வண்டி கேக்காத. மத்தபடி ஆத்திர அவசரம்னா நான் இருக்கேன்.’ அவ்வளவு போதும். அம்மா பேரை இழுக்காதீர்கள், நாளைக்கு அவர் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் பாண்டிக்கு வண்டி வந்துகொண்டேதான் இருக்கிறது.

அதோடு அவருக்கு உபயோகமாக ஒன்று சொல்லுங்கள்: விற்ற வண்டிக்கு ஆர்.சி.யில் பேர் மாற்றியாகிவிட்டதா? வெறும் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தால், வாங்கியவர் மோதினாலும் பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தப் பிரச்சினையில் அவரும் உங்கள் மாதிரி ஒரு ஆர்.சி. ஓனராக இருக்கலாம்.

சலானைக் கட்டியாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. பாக்கி இருந்தால் உங்கள் பேரில்தான் நிற்கும், முதலில் கட்டிவிட்டு அந்த ஆயிரத்தை அவரிடம் கேட்டு வாங்குங்கள். ஓன் டேமேஜ் தேதி தாண்டியிருந்தால் புதுப்பிக்க வண்டியை நேரில் பார்க்க வேண்டும், அல்லது வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அதை முடித்துவிடுங்கள்.